பழகிய ஷூ

“இன்னும் கடிக்குதாப்பா?” என்று கேட்டார் கிடங்கு சூப்பர்வைசர்.

“முதல் வாரம் உயிரை வாங்கிடுச்சு சார். இப்ப பஞ்சு மாதிரி இருக்கு,” என்றான் லோடுமேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் விசாரித்தது அவனுடைய கால் அளவை மட்டும்தான். மறுநாளே புது ஷூ வந்தது. வேலை நிரந்தரம்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கொப்புளங்களைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டான்.

“கயிறு அவிழுதா?”

“ரெட்டை முடிச்சு சார். இழுத்தாலும் அவிழாது.”

“நல்லது, கழட்டி வை. திங்கக்கிழமை உன் இடத்துக்கு என் மச்சினன் வர்றான். உன் அளவுதான். ஆனா பூப்போல பாதம், புது ஷூ ஒத்துக்காது.”

லோடுமேன் குனிந்தான். முடிச்சு அவிழவில்லை.

“மெதுவாப்பா,” என்றார் சூப்பர்வைசர். “அந்த முடிச்சை மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறியா?”