முட்டையிடாத பறவை

கரண்டுக் கம்பிக்குப் பக்கத்து மரப்பொந்தில் ஒரு மைனா அடைகாத்துக்கொண்டிருந்ததாம். ஒருநாள் காக்கையும் கிளியும் கம்பியில் வந்து உட்கார்ந்தன.

"மனுசன் இரும்புல ஒரு பறவை செஞ்சிருக்கானாம். இனி நம்ம பொழப்பு போச்சு!" என்றது காக்கை.

"ஏன், அது முட்டையிடுமோ?" என்றது கிளி. இரண்டும் கம்பி குலுங்கச் சிரித்தன.

"பேட்டரி தீர்ந்தா தொப்புனு விழும்," என்றது மைனா, பொந்துக்குள் இருந்தபடியே.

"ஓஹோ, இன்ஜினீயரம்மா! ஒளிஞ்சுக்கிட்டு என்ன பேச்சு?" என்றது காக்கை.

மைனாவுக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு வரலாமென்று கம்பிக்குப் பறந்தது. சொன்னது, திரும்பியது, முட்டைமேல் உட்கார்ந்தது. வெளியே மறுபடி சிரிப்பு. மறுபடி பறந்தது. வெயில் சாய்ந்ததையும், மழைக்காற்று பொந்துக்குள் புகுந்ததையும் அது கவனிக்கவே இல்லை.

புழுவோடு வந்த ஆண் மைனா பொந்திலிருந்து அலறியது: "அடியே, முட்டையெல்லாம் சில்லுன்னு கிடக்குதடி!"

பெண் மைனா பதறி ஓடிவந்து சிறகை விரித்து மூடிக்கொண்டது. ஒரு முட்டை லேசாக அசைந்ததுபோல் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தது.

"மைனா வாயடைச்சுப் போச்சுடோய்!" என்றது வெளியே காக்கை.

மைனாவின் கால் தானாக வாசல் பக்கம் நகர்ந்தது.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க," என்றது புருசனிடம். "இதுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்."