வலது மூலை ஓட்டை

“ஒண்ணு, உன் கணக்கு தப்பு. இல்ல, இவன் கழுவுறது தப்பு. ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும்” என்றார் மேனேஜர்.

கணக்கம்மா பக்கத்தில் நின்ற கண்ணாடி கழுவுபவரைப் பார்த்தாள். தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிவித் திரைக்கான கண்ணாடியில் ஊற்றும் திரவப் படிகம் எப்படிப் பரவும் என்று கணினியில் சமன்பாடு போட்டுச் சொல்வது அவள் வேலை. தலைமுடியைவிட மெல்லிய படலம். ஓரம்வரை சீராகப் பரவ வேண்டும். ஒரு மாதமாக எல்லாக் கண்ணாடியிலும் வலது மூலையில் மட்டும் படலம் சுருங்கி, ஓட்டை விழுந்தது.

“சூடு, சாய்வு, காத்து, எல்லாத்தையும் மாத்திப் போட்டுப் பாத்துட்டேன் சார். ஓட்டை வரல. அந்த இடத்துல கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கிறதா வெச்சா மட்டும் அச்சு அசலா வருது.”

“எவ்வளவு பெரிசு?”

“கட்டைவிரல் அளவு.”

மேனேஜர் கண்ணாடி கழுவுபவர் பக்கம் திரும்பினார். “ஏன்யா, கழுவுன கையோட கைநாட்டும் வெச்சு அனுப்புறியா?”

“எனக்குக் கையெழுத்தே போட வரும் சார்.”

கணக்கு சரியென்றால் இவர் வேலை போகும். தப்பென்றால் அவள் வேலை.

“அண்ணே, நிஜமாவே தொடலியா?”

“கிளவுஸைக் கழட்ட மறந்து வீட்டுக்கே போயிடறேன்மா. எப்ப டாக்டர் ஆனேன்னு பொண்டாட்டி கேக்குறா.”

“சார், நம்ம கண்ணு முன்னாலயே ஒண்ணு கழுவட்டும்.”

அவர் கழுவினார். உலர்த்தினார். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். விளக்கடியில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவள் இமைக்காமல் பார்த்தாள். எவர் விரலும் படவில்லை.

“பாத்தீங்களா சார்? ஊத்திடலாமா?”

“அவசரப்படாதே. என் ரூமுக்கு வராம எந்தக் கண்ணாடி ஊத்தப் போயிருக்கு?”

மேனேஜர் கண்ணாடியை வாங்கினார். வலது மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். கிரீச் என்றது. அவர் முகம் மலர்ந்தது.

“ம், இது சுத்தம்.”

“சார்... கிளவுஸ்?”

“கிளவுஸ் போட்டா இந்தச் சத்தம் எப்படிம்மா வரும்?”