எல்லைக்கோட்டுக்கு வெளியே

பஃபலோ ரோடு முனையில் நெய்னா முகம்மது சிலுவைராஜின் வழியை மறித்து நின்றான்.

அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் சிலுவைராஜின் தெருக்காரர்கள். பதினாறு நாளுக்கு முன்புவரை அவனைக் கண்டால் சிரித்தவர்கள்.

அச்சுக்கூடத்திலிருந்து இந்த வழியாக வருவதைச் சிலுவைராஜ் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்றைய மழையில் கால்வாய் பொங்கி மற்ற பாதை முழுகிவிட்டது. வேறு வழி இல்லை.

திரும்பிப் போகலாமா என்று பார்த்தான். பின்னாலும் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

பதினாறு நாளுக்கு முன்பு, குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம். சிராங்கூன் ரோட்டுப் பையன்களும் துறைமுகத்துக் குமாஸ்தாக்களும் மோதினார்கள். இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்த தெரு அன்றைக்கு ஜெயிக்க இருந்தது. குமாஸ்தாக்களுக்கு மூன்று ஓட்டம் வேண்டும். கடைசி ஜோடி நின்றது.

மட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி அடித்தான். பந்து உயரே போனது. எல்லைக்கோட்டை நோக்கி நெய்னா பின்பக்கமாகவே ஓடினான், இரண்டு கையையும் தூக்கியபடி.

கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் சிலுவைராஜ் இருந்தான். அவன் எட்டிப் பந்தைப் பிடித்துவிட்டான்.

பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்றார் வெள்ளைக்கார நடுவர். அந்தக் காலத்து விதிப்படி நான்கு ஓட்டம். ஆட்டம் முடிந்தது.

நெய்னாவின் கை எட்டியிருக்கும் என்றார்கள் எல்லோரும். அதே நெய்னா அதற்கு முன்னால் கைக்கு நேராக வந்த இரண்டு பந்துகளைக் கீழே விட்டிருந்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று மாலையே சிலுவைராஜின் கதவில் சாணியை அடித்தார்கள். வெற்றிலைக் கடைக்காரர் அவனுக்கு வெற்றிலை இல்லை என்றார், முன்னால் ஒரு கூடை வெற்றிலையை வைத்துக்கொண்டே. குழாயடியில் அவன் மனைவி உர்சுலா குடத்தோடு போனால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாதா கோயிலில் பூசைக்கு வந்தவர்கள்கூட அந்த வரிசையில் உட்காராமல் தள்ளிப் போனார்கள்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்யவும் முடியவில்லை. பந்து பட்டு வீங்கிய விரலோடு எழுத்துக் கோர்த்தான். ‘கப்பல்’ என்பது ‘கம்பல்’ ஆகி அச்சேறியது. முதலாளி கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

எதற்காகக் கையை நீட்டினீர்கள் என்று உர்சுலா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவன் எழுந்து வாசலுக்குப் போனான். வாசலில் நிற்க முடியாமல் திரும்பி உள்ளே வந்தான்.

இப்போது அதே கேள்வி நெய்னாவின் வாயிலிருந்து வந்தது. சத்தமாகக் கூட இல்லை.

“அன்னைக்கு ஏன் கையை நீட்டினே? அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் விட்டுடுறேன்.”

சிலுவைராஜ் அவன் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்தப் பதினாறு நாளும் இவனும் தூங்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை காலையில் கதவு சுத்தமாக இருக்கும். உர்சுலா குழாயடியில் பழையபடி சிரித்துப் பேசுவாள்.

முகத்து மழைநீரை வழித்துவிட்டான்.

“பந்தைப் பார்த்ததும் கை தானா போயிடுச்சு, நெய்னா. புத்தி கெட்டுப் போச்சு எனக்கு.”

கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். நெய்னா அவனைக் கையமர்த்தினான். பிறகு சொன்னான்.

“நாளைக்கு என் புள்ளைக்கு நாப்பதாம் நாள். தெருவுக்கே சாப்பாடு போடுறேன். உன் வீட்டுல இருந்து மட்டும் யாரும் வர வேணாம்.”

சிலுவைராஜ் சரி என்று தலையாட்டினான். அவர்கள் விலகி வழி விட்டார்கள்.

முழங்கால் அளவு தண்ணீரில் அவன் வேகவேகமாக நடந்தான். வீட்டுக்குப் போனதும் உர்சுலாவிடம், நாளை எங்கும் போக வேண்டாம் என்று சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

படுத்தான். எழுந்தான். மறுபடி படுத்தான்.

அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே, அவன் முதுகுக்கு நாலடி பின்னால், மரத்தடியில் ஒரு வாடகைக் குதிரை வண்டி நின்றது. ஜன்னல் பலகைச் சட்டங்களைத் திறந்து வைத்து உள்ளேயிருந்து யாரோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து அந்தத் திறப்புக்கு நேராக வந்தது.

பிடித்த பந்தோடு அவன் திரும்பிப் பார்த்தபோது, எதிர்வீட்டு மைமூன் முக்காடு நழுவியது தெரியாமல் தன் மடிமேல் குனிந்து கிடந்தாள். பேறு முடிந்து நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாதவள். புருஷன் விளையாடுவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டதாக அழுதாள். அவங்களுக்குத் தெரிய வேண்டாம் அண்ணே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கூட்டம் கத்திக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து வண்டிக்காரன் குதிரையைத் தட்டிவிட்டான்.

அவள் மடியில் இருந்த நெய்னாவின் பிள்ளைக்கு அன்று வயது இருபத்து மூன்று நாள்.