நாய் இருந்தால் நடக்கலாம்

நாய் உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது சுற்றுகூட முடியவில்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், நடைபாதையின் நட்டநடுவில், இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

அவள் கயிற்றை இழுத்தாள். செல்லமாகக் கூப்பிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

சாக்கோ நாக்கைத் தொங்கப்போட்டபடி வேறெங்கோ பார்த்தது.

இன்னும் பதினான்கு சுற்று பாக்கி.

தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து ஐந்து வீட்டில் நின்றுகொண்டேதானே இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அது வேலை, நடை வேறு என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

எங்கே நடப்பது?

அவள் தெருவில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் மனிதர்கள் சாக்கடையில்தான் இறங்க வேண்டும். மாநகராட்சிப் பூங்காவைக் காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். பூங்கா திறந்திருக்கிற நேரமெல்லாம் அவள் யார் வீட்டுப் பாத்திரத்தோடாவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்றிலிருந்து நான்கு மணிவரைதான் அவளுக்குக் கை ஒழியும். அந்த நேரத்தில் இந்த அடுக்குமாடியின் நடைபாதையில் ஈ காக்கை இருக்காது.

போன வாரம் தைரியமாக இறங்கி நடந்தாள். அரைச் சுற்றில் விசில் சத்தம். செக்யூரிட்டி சகாயம் ஓடி வந்தான். அவள் தெருக்காரன்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வேலைக்கு வர்றவங்க இதுல நடக்கக் கூடாதுக்கா. அசோசியேஷன் ரூலு. நாயக் கூட்டினு வந்தீங்கன்னா நடக்கலாம்."

எரிச்சலில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நேராக நான்காவது மாடியில் தான் வேலை பார்க்கும் வீட்டுக்குப் போனாள். பாத்திரம் கழுவி முடித்ததும் உங்கள் நாயை நானே தினமும் நடக்கக் கூட்டிப் போகிறேன் என்றாள். மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

இவ்வளவு பாடுபட்டு வந்தால், இந்த மகராசன் உட்கார்ந்துவிட்டான்.

அவள் குனிந்து நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தண்ணீர்க் கேன் தூக்குகிறவளுக்கு இது என்ன பெரிய கனம். விறுவிறுவென்று நடந்தாள்.

சகாயம் நாற்காலியிலிருந்து எழுந்தான். யோசித்தான்.

நாய் இருக்கிறது.

மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது சுற்று. நான்காவது. முதுகில் வியர்வை இறங்கியது. மூச்சு வாங்கியது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்காவது மாடி பால்கனியிலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"ஐயோ, அவனத் தூக்காத! ரொம்ப வெயிட் போட்டுட்டான். தினம் நாற்பது நிமிஷம் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்!"

அவள் நின்றாள்.

அண்ணாந்து பார்த்தாள்.

நாயை இறக்கிவிட்டாள்.

அது இந்த முறை படுத்தே விட்டது. தாடையைத் தரையில் வைத்துக் கண்ணையும் மூடிக்கொண்டது.

கயிறு மூன்று முழம் இருக்கும்.

அவள் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, படுத்துக் கிடந்த நாயைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று. இரண்டு. பத்து.

சகாயம் விசிலை வாயில் வைத்தான். ஊதாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய், என்ன பண்ற அங்க?" மேலிருந்து மறுபடி குரல்.

அவள் நிற்கவில்லை.

"நடக்கறேன் மேடம்."