காருக்கு வாங்கிய திருப்புளி

அய்யூப் பாய் மேசைமேல் ஒரு துணியை விரித்து, தன் இரும்புக்கடையிலுள்ள சின்னச் சின்னச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முருகையன் நகைக்கடைக்கு வந்தவரைப் போலக் குனிந்து பார்த்தார்.

பார்த்தது எல்லாமே வேண்டும் போலிருந்தது.

தாலுகா ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். இதுவரை அவர் கையில் பிடித்த ஆயுதம் குண்டூசி ஒன்றுதான்.

ஆனால் துபாயிலிருந்து தம்பி ராஜேந்திரன் கொண்டுவந்து கொடுத்த ரிமோட் கார் முந்தாநாள் நின்றுவிட்டது. சிவப்புக் கார், ஒரு முழ நீளம். கையிலுள்ள பெட்டியில் ஏரியலை இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கம்பியே இல்லாமல் ஓடும், திரும்பும், பின்னாலும் வரும். பிள்ளைகளுக்கென்று வந்த கார். பிள்ளைகள் இன்னும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

வந்த அன்றே பூஜை போட்டார். காருக்குச் சந்தனம், ரிமோட்டுக்குச் சந்தனம், புதிதாக வாங்கிய பென்சில் செல் நாலுக்கும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் கார் ஏறமாட்டேன் என்று நின்றது. அவர் மனைவி கஸ்தூரிதான் சமையலறையிலிருந்து நாலு சுண்டைக்காய் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினாள்.

காரை நிறுத்துவதற்கும் தோதாக ஓர் இடம் கிடைத்தது. கஸ்தூரியின் தையல் மெஷின் ஆடி மாதமே நின்றுபோயிருந்தது. உள்ளே நூல் சிக்கியிருக்கிறது, தட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ணினால் போதும், ஒரு திருப்புளி வாங்கி வாருங்கள் என்று அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். கண்டதையும் கழற்றினால் கெட்டுப்போகும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அந்த மெஷின் மேல் ஒரு பூப்போட்ட துண்டை விரித்துக் காரை ஏற்றிவிட்டார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸில் போய் அளந்தார்.

கம்பி இல்லாமல் கார் ஓடுமா, யார் காதில் பூ சுற்றுகிறீர் என்று ஹெட் கிளார்க் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, டீ வரும் நேரத்தில், ஆபீஸ் வராந்தாவிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று முருகையனும் சொல்லிவிட்டார். நாளைக்குத் திங்கட்கிழமை. கார் ஓடாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை அந்த வராந்தாவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

செல்தான் தீர்ந்துவிட்டதோ என்று முதலில் மூடியைத் திறந்து பார்க்காமல் இல்லை. நாலும் பொட்டும் பூவுமாக இருந்தன. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகவே கோளாறு உள்ளேதான். ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுக்க மனசு வரவில்லை. தானே கழற்றிவிடுவது என்று துணிந்துவிட்டார்.

அதிசயம் என்னவென்றால், கஸ்தூரியும் கூடவே புறப்பட்டு வந்ததுதான். கீரைக்காரியைத் தாண்டி ஒரு நாளும் வராதவள், ஒயர் கூடையோடு நேராகக் கடைக்குள் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள்.

ஆறு திருப்புளி அடங்கிய பிளாஸ்டிக் பெட்டியை அவர் ஆசையாகத் தடவினார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு தட்டை வாய் வைத்த கனமான திருப்புளி ஒன்றைத் தானே பொறுக்கினாள். இந்த மாதிரிக் காரில் கூட்டல் குறி போட்ட திருகாணிதான் இருக்கும், தட்டை வாய் உதவாது என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய். வூட்ல ஒண்ணு கெடக்கட்டும்."

சிக்கினதை இழுத்தெடுக்க ஒரு முள்வாங்கி. தூசி தட்ட ஒரு சின்ன பிரஷ். மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன் ஒன்று. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து எடுத்தாள்.

முருகையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காரைக் கண்டாலே இவளுக்கு ஆகவில்லை என்று இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆபீஸில் தன் மானம் போகக்கூடாது என்று தன்னைவிட அவளுக்கு அக்கறை. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள்?

பாய் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கூடையில் வைப்பதற்காக முருகையன் முருங்கைக்கீரைக் கட்டைக் கொஞ்சம் நகர்த்தினார்.

அடியில், ரப்பர் பேண்டு போட்டு, நாலு பென்சில் செல். நாலிலும் குங்குமப் பொட்டு.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பொட்டு வைத்த செல் காருக்குள் அல்லவா இருக்கிறது?

"கார்ல இருக்கிறது உங்க டிரான்சிஸ்டர்ல தீந்துபோன செல்லுங்க. பொட்டு நாந்தான் வெச்சேன்," என்றாள் கஸ்தூரி, குரலைக்கூடத் தாழ்த்தாமல். "வூட்டுக்குப் போனதும் மொதல்ல மெஷின் மேல இருக்கிற காரை எறக்கி வைங்க."

அய்யூப் பாய் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பி ஆணி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த டப்பாக்கள்தான்.

முருகையன் கோபமாகத்தான் வாயைத் திறந்தார். அப்போது நாளைக்குப் பதினோரு மணி ஞாபகம் வந்தது. செல்கள் இன்னும் அவள் கூடையில்தான் இருந்தன.

"தையல் மெஷின் எண்ணெய் இருக்குதா பாய்?" என்று கேட்டார்.