அசனத்தன்று போன கார்

தன் வீட்டுக்காரர் தேவகுமார் சொந்தக் காரைத் திருட்டுக் கொடுக்கத் துணிந்துவிட்டார் என்பது, கோயில் அசன விருந்துக்கு மூன்று நாள் முன்னாலேயே செல்லபாய்க்குத் தெரிந்துவிட்டது.

பாவம், அந்தக் கார் மனுஷனைப் படுத்திய பாடு அப்படி. மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்பிய கையோடு ஆசைப்பட்டு வாங்கிய பழைய டீசல் கார். திருடன் கொண்டுபோகாமல் இருக்க அதில் இம்மொபிலைசர் என்று ஒரு ஏற்பாடு. உள்ளே ஒரு பெட்டி உண்டு. சாவி சரிதான் என்று அது ஒத்துக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். எட்டு மாதமாக அந்தப் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சொந்தக்காரரையே திருடன் என்று நினைத்துக்கொண்டது. பத்து தடவை சாவியைத் திருகினால் ஒரு தடவை கிளம்பும். மற்ற ஒன்பது தடவையும் சிவப்பு விளக்கு கண்ணடிக்கும்.

நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் கொண்டு காட்டினார். சாவி, பூட்டு, பெட்டி மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், நாற்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். அதோடு பேச்சுக் குறைந்து யோசனை கூடிவிட்டது.

ஒருநாள் பீரோவைத் திறந்து இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தார். மறுநாள் அவருடைய சித்தப்பா மகன், ஏட்டு ஜெபதாஸ் வந்தான். இருவரும் கிசுகிசுவென்று பேச, செல்லபாய் அடுக்களை ஜன்னலில் காதை வைத்தாள்.

இந்த மாதிரிக் காராகப் பார்த்துத் தூக்குகிற ஆபேல் என்ற ஒருத்தன் கருங்கல் ஊர்ப்பக்கம் இறங்கியிருக்கிறானாம். கல்யாண வீடு, அசனம் என்று ஜனம் இலைக்கு முன்னால் உட்காருகிற நேரம்தான் அவனுக்கு நல்ல நேரமாம். ஜெபம் பண்ணிச் சோறு விளம்பிவிட்டால் நம் ஆட்களை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது என்று அவனுக்குத் தெரியுமாம். அவன் எப்படி எடுப்பான், எவ்வளவு நேரம் ஆகும் என்று தேவகுமார் துருவித் துருவிக் கேட்டார். ஜெபதாஸ் சொன்ன பதில் செல்லபாய் காதில் விழவில்லை. விழுந்தது வரைக்கும் போதுமே அவளுக்கு.

மத்தியானம் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“வியாழக்கிழமை நம்ம மக ஜினிஷாவுக்கு நிச்சயம். மாப்பிள வீட்டுக்காரங்களும் நம்ம சபைதான். நீங்க கம்பி எண்ணப் போனா நான் யாருக்க முகத்துல முழிப்பேன்?”

“மிண்டாம வாய மூடிட்டு இரி. அசனத்துக்கு வந்தோமா, சோறு தின்னோமான்னு இரி” என்றார் அவர்.

அசனத்தன்று கார் கிளம்பவே அரை மணி நேரம் ஆயிற்று. கோயில் வளாகத்துக்குள் நிழலிருக்க, வெளியே ரப்பர் தோட்டத்து ஒழுங்கைப் பாதையில் கொண்டு நிறுத்தினார். கதவைப் பூட்டவில்லை. அதையும் வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார்.

போதகர் ஜெபம் பண்ணினார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. அவள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேபி. நெடுநேரம் கழித்து இரண்டாம் தடவை அவியல் வந்தபோதுதான் ஒழுங்கையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அவர்கள் காரின் தொண்டைக் கமறல். எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

பாதி எழுந்தவளைப் பேபி கையைப் பிடித்து இருத்தினாள். “எங்க ஓடுதிய சம்பந்தி? முடிவு ஜெபத்துக்கு முன்ன எழும்பப் பிடாதுல்லா.”

ஆண்கள் வரிசையில் தேவகுமாருக்கும் கேட்டிருந்தது. கை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் அவியல் கேட்டு வாங்கினார்.

செல்லபாய் ஆண்கள் வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். பந்தியில் ஜெபதாஸையும் காணோம். ஆபேல் பிடிபட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடுவானே என்று அவள் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மோர் வருவதற்கு முன்னால், போன கார் திரும்பி வந்தது. ஓட்டியவன் ஜெபதாஸ். பின்சீட்டில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கைவிலங்கோடு ஒரு ஒல்லி மனிதன். சானல் கால்வாய்ப் பாலத்தில் வைத்துப் பிடித்தார்களாம்.

அந்தச் சபையின் சரித்திரத்தில் முதல் தடவையாக, ஜெபத்துக்கு முன்பே பந்தி எழுந்தது.

பேபி கேட்டாள், “இது உங்களுக்க வண்டியில்லியா?”

செல்லபாய் காரை நோக்கி ஓடினாள். விலங்கோடு இருந்த ஆபேல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். தேவகுமாரையும் பார்த்தான், தெரிந்த முகமாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் சோறு இருக்கிறதா, ஒரு இலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டான்.

“அண்ணே, இவன்மேல ஒம்பது கேஸ் கெடக்கு. நீங்க சொன்ன மாதிரி எனக்கு ஆளு போதும், வண்டி உங்களுக்கு” என்று இறங்கினான் ஜெபதாஸ்.

தேவகுமார் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை அணைத்தார், சாவியைத் திருகினார். அணைத்தார், திருகினார். ஆறு தடவை. ஆறு தடவையும் முதல் திருகலிலேயே பிடித்தது. சிவப்பு விளக்கைக் காணவே இல்லை. ஜினிஷா பிறந்த அன்றுதான் செல்லபாய் அந்த முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

ஜன்னலருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள், “அப்போ இன்சூரன்ஸ் பணம்?”

“இன்சூரன்ஸே போன மாசியோட முடிஞ்சு போச்சுட்டி. ஆபேல் எப்படி எடுப்பான்னு ஜெபதாஸ் சொன்னதை நீ முழுசும் கேக்கல்ல” என்று, அதுவரை அவள் கண்டிராத புத்தம் புதுச் சாவி ஒன்றைக் கையில் வைத்தார்.

ஷோரூம்காரர்கள் நாற்பத்தெட்டாயிரம் கேட்ட சாவி, பூட்டு, பெட்டி மூன்றையும் ஆபேல் தன் கைக்காசு போட்டு வாங்கி வந்து, ஒரு பந்தி முடிவதற்குள் கூலி கூடக் கேட்காமல் மாட்டிக் கொடுத்திருந்தான்.