சத்தம் போடுகிற வீடு

முதலில் தப்புச் செய்தது வத்சலா டீச்சர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அங்கன்வாடியில் மாதாமாதம் அம்மாமார் கூட்டம் நடக்கும். அத்தனை பேர் முன்னால் அவள் என் மகள் ஸ்மிதாவிடம் கேட்டிருக்கிறாள்:

"உங்க வீட்டுல தினமும் சண்டையா?"

ஸ்மிதா அழுத முகத்தோடு வந்து நின்றாள்.

"என்ன மோளே?"

"நம்ம நிளா அங்க கத்திக் கத்திப் பேசறாளாம், அச்சா. உப்புமா கேக்கறதும் கத்தல், பக்கத்துப் பிள்ளைய கூப்பிடறதும் கத்தல். தூங்கற பிள்ளைங்க பயந்து அழறாங்களாம். அவ வந்தா எங்க பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு சில பேர் நிக்கறாங்க."

"அதுக்கு?"

"வீட்டுல எப்படிப் பேசறாங்களோ, பிள்ளையும் அப்படித்தான் பேசும்னாங்க டீச்சர்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் வீட்டில் சண்டை போட யார் இருக்கிறார்கள்? நான், மகள், பேத்தி. மருமகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவான். அவனுக்கு வாயே கிடையாது.

"வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறவ நம்மளச் சொல்றாளா? இந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பேசறீங்க" என்றேன்.

ஸ்மிதா ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சரே வந்துவிட்டாள். பிள்ளையை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காலையில் செருப்பைக்கூட மாட்டவிடாமல் என்னை அங்கன்வாடிக்கு இழுத்துப் போகிறவள் நிளா.

ஸ்மிதா கட்டன்சாயா கொடுத்தாள். டீச்சர் என்னைப் பார்த்து வாயசைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நிளா ஓடி வந்து மடியில் ஏறி, என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அச்சாச்சா, சுகமான்னு டீச்சர் கேக்கறாங்க."

தென்னையில் இருந்த காக்கை பறந்தது.

"சுகம்தான்னு சொல்லு."

அதே சத்தத்தில் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் இன்னும் ஏதோ கேட்டாள். நிளா மறுபடியும் என் காதுக்கு வந்தாள்.

"என்ன வேலை பாத்தீங்கன்னு கேக்கறாங்க."

"மரமில்லுல. மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே மரம் அறுக்கற வாள் பக்கத்துல நின்னவன்னு சொல்லு."

டீச்சர் சாயாவைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இப்படிப் பேசத் தெரிந்தவள் முதலிலேயே பேசியிருக்கலாம்.

"பிள்ளை மேல தப்பே இல்ல. உங்களுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு கத்தறா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசணும்னு நினைச்சுட்டா. இனி முழங்கால்ல தட்டணும், முகத்துக்கு நேரா வந்து நிக்கணும், அப்புறம்தான் பேசணும். நீங்க இங்க பழக்குங்க, நான் அங்க பழக்கறேன்."

"மறந்துபோய்க் கத்தினா?"

"பதில் சொல்லாதீங்க."

"அது எங்க அச்சனுக்குப் பழக்கம்தான்" என்றாள் ஸ்மிதா. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம். உப்புமா வேண்டுமானாலும் ஆயாவின் முழங்காலில் தட்டித்தான் கேட்க வேண்டும். முறைத்துக்கொண்டு நின்ற அம்மாமாரும் வீட்டில் அதையே பழக்குகிறார்களாம். நிளா மெதுவாகத்தான் பேசுகிறாள். எனக்கு எல்லாம் கேட்கிறது. காதை டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். எதற்கு? என் காதுக்கு என்ன?

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் முன்னால் நின்று நெடுநேரம் பேசினாள். நடுவில் அம்மாமார் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

வரும் வழியில் ஸ்மிதா முன்னால் வந்து நின்றாள்.

"போதுமா, அச்சா? சண்டை போடற வீடுன்னு நினைச்சது என் தப்புன்னு எல்லார் முன்னாலயும் டீச்சர் மன்னிப்புக் கேட்டுட்டாங்களே."

கேட்டிருப்பாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சட்டம் போட்டவள் அவள்தானே? என் முழங்காலில் தட்டினாளா? முகத்துக்கு நேராக வந்து நின்றாளா?

அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.